ஒரு ரூபாய் வாடகை

மும்பையில் விலாசம் தபால்காரருக்காக மட்டும் எழுதப்படுவதில்லை. பெண் கொடுப்பவரும் கடன் கொடுப்பவரும்கூட அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தெற்கு மும்பையின் பூலாபாய் தேசாய் ரோடு அப்படிப்பட்ட விலாசங்களில் ஒன்று. ஒரு முனையில் மகாலட்சுமி கோயில். வழிநெடுக நகைக்கடைகள், துணிக்கடைகள், பிரபலங்கள் நோயுற்றால் தொலைக்காட்சி கேமராக்கள் வந்து நிற்கும் பிரீச் கேண்டி மருத்துவமனை, கடலைப் பார்த்து நிற்கும் அடுக்குமாடிகள். இங்கே ஒரு பிளாட்டின் விலை பல கோடி என்று தொடங்கிப் பல பத்துக் கோடி என்று போகும். சாலையின் பெயர் மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், பழைய குடும்பங்களுக்கு இது இன்னமும் வார்டன் ரோடுதான்.

இந்தச் சாலையில் 89-ம் எண் கட்டடத்தின் பெயர் ஆகாஷ் கங்கா. மற்ற அடுக்குமாடிகளிலிருந்து இதை வேறுபடுத்திக் காட்ட எதுவும் இல்லை. ஆனால் 1950களிலும் 60களிலும் இதே மனையில் ஒரு பழைய பங்களா இருந்தது. எம்.எஃப். ஹுசேன் அங்கே படம் வரைந்தார். வி.எஸ். கைதொண்டே அங்கே மணிக்கணக்கில் வெற்று கான்வாஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரவிசங்கர் சிதார் சொல்லிக்கொடுத்தார். இப்ராஹிம் அல்காஸி நாடகம் சொல்லிக்கொடுத்தார். ஓவியருக்கு அறை வாடகை நாளொன்றுக்கு ஒரு ரூபாய் என்று அங்கே இருந்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள்.

நாளைக்கு ஒரு ரூபாய், அதுவும் வார்டன் ரோட்டில்! எப்படிச் சாத்தியமாயிற்று, ஏன் நீடிக்கவில்லை என்பதில்தான் இந்தச் சாலையின் கதை அடங்கியிருக்கிறது.

உலகின் பல நகரங்களில் இத்தகைய கதை ஒரே மாதிரி நடக்கும். ஏழைகள் வாழும் பாழடைந்த பேட்டைக்கு வாடகை குறைவு என்று கலைஞர்கள் வருவார்கள். அவர்களைத் தேடிக் காபிக் கடைகள் வரும். காபிக் கடைகளைத் தேடிப் பணக்காரர்கள் வருவார்கள். கடைசியில் வாடகை ஏறிக் கலைஞர்களே வெளியேறுவார்கள். நியூயார்க்கின் சோஹோவில் நடந்தது இதுதான். வார்டன் ரோட்டின் கதை இதற்கு நேர்மாறு. கலைஞர்கள் வருவதற்கு முன்பே அது பணக்காரச் சாலை. அவர்கள் இருந்தபோதும் பணக்காரச் சாலை. போன பின்னும் அப்படியே. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்தச் சாலை அவர்களுக்கு இடம் கொடுத்தது என்பதுதான் அதிசயம்.

அந்த இடமே ஒரு காலத்தில் கடலின் வாயில் இருந்தது. பம்பாய் ஏழு தீவுகளாக இருந்தபோது, மகாலட்சுமிக்கும் வொர்லிக்கும் நடுவில் இருந்த உடைப்பு வழியாகக் கடல் உள்ளே புகுந்து நகரின் நடுப்பகுதியை மூழ்கடிக்கும். கவர்னர் வில்லியம் ஹார்ன்பி காலத்தில் கட்டப்பட்டு 1784 வாக்கில் முடிந்த கரை அந்த உடைப்பை அடைத்தது. கட்டக் கட்டக் கரை சரிந்ததாகவும், பொறியாளரின் கனவில் தேவி தோன்றித் தன்னைக் கடலிலிருந்து எடுக்கச் சொன்னதாகவும், அதன் பிறகே கரை நின்றதாகவும் மகாலட்சுமி கோயிலின் ஐதீகம் சொல்கிறது. கடல் அடங்கியதும் நிலம் பிறந்தது. நிலம் பிறந்ததும் அதற்கு விலை பிறந்தது.

பம்பாய் அரசின் உயர் அதிகாரியாக இருந்த பிரான்சிஸ் வார்டனின் பெயர் சாலைக்கு வந்தது. கடற்காற்றுக்காக வெள்ளைக்காரர்கள் இங்கே பங்களா கட்டினார்கள். தங்களுக்கென்று ஒரு நீச்சல் குளமும் அமைத்துக்கொண்டார்கள். சுதந்திரம் வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்தக் குளத்தில் இந்தியர்களுக்கு இடம் இருக்கவில்லை. வெள்ளைக்காரர்களைத் தொடர்ந்து பார்சி வணிகர்கள், குஜராத்தி ஆலை அதிபர்கள், பெரிய வக்கீல்கள் வந்தார்கள். சமஸ்தான மன்னர்களும் வந்தார்கள். வாங்கானேர் மகாராஜா 1930களில் கட்டிய மாளிகை 1957-ல் 999 ஆண்டுக் குத்தகைக்கு அமெரிக்கத் தூதரகத்திடம் போய் லிங்கன் ஹவுஸ் ஆனது. விசாவுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்ற தமிழர்களுக்கும் இந்த நடைபாதை பழக்கமானதுதான். தூதரகம் 2011-ல் பாந்த்ரா-குர்லா வளாகத்துக்கு மாறியது. அந்த மாளிகையைத் தொழிலதிபர் சைரஸ் பூனாவாலா 750 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் செய்ததாக 2015-ல் செய்தி வந்தபோது, நாட்டின் மிக விலையுயர்ந்த வீடுகளில் ஒன்று என்று பத்திரிகைகள் எழுதின. நிலம் யாருடையது என்ற அரசாங்கச் சிக்கலில் அந்த ஒப்பந்தம் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது தனிக்கதை.

சாலையில் வீடு வைத்திருந்த வக்கீல்களில் ஒருவர் பூலாபாய் தேசாய். 1877-ல் குஜராத்தில் வல்சாடு பக்கம் பிறந்து, கல்லூரி ஆசிரியராகத் தொடங்கி, பம்பாய் உயர் நீதிமன்றத்தின் மிகப் பெரிய வக்கீல்களில் ஒருவராக உயர்ந்தவர். பார்டோலி விவசாயிகளின் வரி வழக்கை எடுத்து நடத்தப் போய்க் காங்கிரசுக்குள் வந்தார். மத்திய சட்டசபையில் காங்கிரஸ் கட்சியின் தலைவரானார். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மூவர் மீது செங்கோட்டையில் 1945-ல் நடந்த வழக்கில் அவர்களுக்காக வாதாடியவர் அவர்தான். உடல்நலம் கெட்டிருந்த நிலையில் அந்த வழக்கை நடத்தினார். 1946 மே மாதம் காலமானார். பின்னாளில் சாலைக்கே அவர் பெயர் வைக்கப்பட்டது.

மகன் தீருபாய் தேசாய் சுவிட்சர்லாந்தில் இந்தியத் தூதராக இருந்தபோது 1951-ல் இறந்தார். பெரிய பங்களாவும் அதன் தோட்டமும் மிஞ்சின. குடும்பம் அதை விற்கவில்லை. பூலாபாய் நினைவு நிலையம் என்ற பெயரில் அறக்கட்டளை அமைத்துக் கலைகளுக்குத் திறந்துவிட்டது. மருமகள் மாதுரி தேசாய் அதற்குப் பின்பலமாக இருந்தார். அன்றாடம் அதை நடத்தியவர் சோலி பாட்லிவாலா. யாருக்கு அறை கொடுப்பது என்பதற்குப் பெரிய விண்ணப்பப் படிவமோ தேர்வுக் குழுவோ இருந்ததாக யாரும் சொல்லவில்லை. வேலை செய்பவராக இருந்தால் போதும், இடம் கிடைத்தது.

இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அன்றைய பம்பாயில் ஒரு அறை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தால்தான் புரியும். யுத்த காலத்தில் நகரம் நிரம்பி வழிந்தது. பிரிவினை அகதிகளும் வந்து சேர்ந்தார்கள். 1947-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏற்கெனவே குடியிருந்தவர்களைக் காப்பாற்றியது. ஆனால் வாடகையை உயர்த்த முடியாத வீட்டுக்காரர்கள் புதிதாக வருகிறவர்களிடம் ‘பகடி’ என்ற பெயரில் மொத்தமாக ஒரு தொகை கேட்டார்கள். கையில் காசு இல்லாதவனுக்குக் கதவு அடைத்தே இருந்தது. ஹுசேன் சினிமா விளம்பரத் தட்டிகள் வரைந்து வயிறு வளர்த்தவர். கைதொண்டே கிர்காமில் ஒரு சாலில், அதாவது வரிசை அறைகள் கொண்ட ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவர். சாலில் ஓர் அறையில் குடும்பமே படுத்துறங்கும். நடுவில் ஆறடி கான்வாஸை எங்கே நிறுத்துவது? ஈரச் சாயம் காயும்வரை குழந்தைகளை எங்கே அனுப்புவது?

ஓவியம் வரைவதற்குத் திறமை வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குச் சுவர் வேண்டும், வெளிச்சம் வேண்டும், பின்னால் பத்தடி நகர்ந்து நின்று பார்க்க இடம் வேண்டும் என்பது வரைபவருக்கு மட்டுமே தெரியும். பூலாபாய் நிலையம் கொடுத்தது இவற்றைத்தான். பரிசு கொடுக்கவில்லை. பட்டம் கொடுக்கவில்லை. சாவி கொடுத்தது.

அங்கே இருந்தவர்களின் பட்டியல் இன்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 1947-ல் எஃப்.என். சூசா, எஸ்.எச். ரஸா ஆகியோருடன் முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹுசேன். அந்தக் குழுவோடு பின்னர் நெருங்கிய கைதொண்டே, தையப் மேத்தா. ஓவியர் பிரபுல்லா தஹானுகர். லண்டனில் படித்துத் திரும்பிய நஸ்ரீன் முகம்மதி. சென்னைக் கலைக் கல்லூரியில் தேவி பிரசாத் ராய் சவுத்ரியிடம் படித்துவிட்டுப் பாரிஸ் போய் வந்த தஷ்ரத் படேல். 1959-ல் பால் சாப்டா என்ற ஓவியர் இதே வளாகத்தில் ‘கேலரி 59’ என்ற கண்காட்சிக் கூடத்தைத் திறந்தார். அது நெடுநாள் நடக்கவில்லை. ஆனால் நஸ்ரீனின் முதல் தனிக் கண்காட்சி 1961-ல் நடந்தது அங்கேதான்.

ஓவியர்கள் மட்டும் இருந்திருந்தால் அது இன்னொரு ஓவியக் கூடமாகவே இருந்திருக்கும். ஒரு கூரைக்கடியில் எல்லாரும் இருந்ததுதான் விசேஷம். அல்காஸியின் நாடகப் பள்ளியும் ‘தியேட்டர் யூனிட்’ குழுவும் அங்கே இயங்கின. விஜயா மேத்தாவின் ‘ரங்காயன்’ குழு புதிய மராத்தி நாடகங்களை அங்கிருந்த சிறிய அரங்கில் பரிசோதித்தது. 1962-ல் ரவிசங்கர் ‘கின்னரா’ இசைப் பள்ளியைத் தொடங்கினார். ஓர் அறையில் ஒத்திகை, இன்னோர் அறையில் சிதார், மாடியில் ஓவியம். நாடகக்காரருக்கு மேடைக்குப் பின்திரை வேண்டுமானால் எதிர் அறையில் கேட்கலாம். ஓவியருக்கு அலுப்புத் தட்டினால் பாட்டு கேட்கப் போகலாம். வாய் பேசாத கைதொண்டேயின் அறைக்கு, அவரைவிட இளையவரான நஸ்ரீன் போய் வருவார். பிற்காலத்தில் இருவரும் உருவங்களை விட்டு நிறத்துக்கும் கோட்டுக்கும் போனதை ஆராயும் கலை விமர்சகர்கள் இந்த நட்பைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை.

பணக்காரச் சாலையில் இருந்ததால் இன்னொரு லாபமும் இருந்தது. படம் வாங்கக்கூடியவர்கள் நடந்து வரும் தூரத்தில் குடியிருந்தார்கள். ஹிட்லருக்குப் பயந்து ஐரோப்பாவிலிருந்து பம்பாய் வந்தவர்களில் மூவர் புதிய ஓவியர்களைக் கைதூக்கிவிட்டார்கள்: டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் கலை இயக்குனராக இருந்த வால்டர் லாங்கம்மர், விமர்சகர் ரூடி வான் லைடன், ஓவியங்களைச் சேகரித்த இமானுவேல் ஷ்லெசிங்கர். பக்கத்து நேப்பியன் ஸீ ரோட்டில் இருந்த லாங்கம்மரின் வீட்டில் ஓவியர்கள் கூடுவார்கள். அல்காஸி தான் குடியிருந்த கம்பாலா ஹில் கட்டடத்தின் மொட்டை மாடியையே ‘மேக்தூத்’ என்ற அரங்கமாக்கினார். படியேறி மேலே போனால் வானமும் கடலும் பின்னணி. வார்டன் ரோட்டுக்குப் பக்கத்து வளாகம் ஒன்றில் வளர்ந்த ஒரு பையன், பின்னாளில் அந்தத் தெருவையும் நீச்சல் குளத்தையும் வைத்து 1981-ல் ‘மிட்நைட்ஸ் சில்ட்ரன்’ நாவலை எழுதினார். சல்மான் ருஷ்டியின் குழந்தைப் பருவப் பம்பாய் இதுதான்.

இத்தனைக்கும் அஸ்திவாரம் என்ன? ஒரு குடும்பத்தின் நல்ல மனம். அவ்வளவுதான். அறையில் இருந்தவர்களுக்குக் குத்தகைப் பத்திரம் கிடையாது. நாளைக்கும் இருக்கலாம் என்ற உத்தரவாதம் கிடையாது. நல்ல மனத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நல்ல மனத்துக்கு எதிரில் நிலத்தின் விலை வந்து நின்றபோது, எது நகரும் என்பதில் பம்பாயில் சந்தேகம் இருந்ததில்லை.

1960களில் நிலைமை வேகமாக மாறியது. அதுவரை பம்பாய்வாசி வீட்டை வாடகைக்கு எடுப்பார், அல்லது முழு பங்களா வாங்குவார். ஒரு கட்டடத்தில் ஒரு தளத்தில் ஒரு பிளாட்டை மட்டும் சொந்தமாக வாங்கும் பழக்கம் பரவியது. அதை ஒழுங்குபடுத்த மகாராஷ்டிர அரசு 1963-ல் சட்டமே கொண்டுவந்தது. ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்று கணக்கிடும் தளப்பரப்புக் குறியீடு, அதாவது இன்று எல்லா நகரங்களிலும் புரோக்கர்கள் உச்சரிக்கும் எஃப்.எஸ்.ஐ., அதே பத்தாண்டில் பம்பாயில் அமலுக்கு வந்தது. இதன் பொருள் எளிமையானது. இரண்டு மாடி பங்களாவும் தோட்டமும் இருந்தால் இனி அது வீடு அல்ல. கட்டப்படாமல் கிடக்கும் இத்தனை ஆயிரம் சதுர அடி. வார்டன் ரோட்டில் ஒவ்வொரு பங்களாவாக அடுக்குமாடிகளுக்கு வழிவிட்டது. 89-ம் எண்ணும் அந்த வரிசையில் சேர்ந்தது. 1960களின் பிற்பகுதியில் பங்களா போய் ஆகாஷ் கங்கா எழுந்தது.

கலைக்கு முழுக்கப் போட்டுவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. புதிய கட்டடத்திலும் கலைக்கென்று ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. ஜாம்ஷெட் பாபா முயற்சியில் உருவான தேசிய நிகழ்கலை மையம், அதாவது என்.சி.பி.ஏ., தனது பணியை 1969 டிசம்பரில் ஆகாஷ் கங்காவில் இருந்த ஒரு சிறிய அரங்கில்தான் தொடங்கியது. பிறகு நாரிமன் பாயிண்டில், கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்துக்குப் போனது. அங்கே அதன் டாடா தியேட்டரை 1980-ல் இந்திரா காந்தி திறந்து வைத்தார். இன்றும் நாட்டின் மிகச் சிறந்த அரங்குகளில் அது ஒன்று. ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. என்.சி.பி.ஏ.வில் முடிந்த கலையைப் பார்க்கலாம். பூலாபாய் நிலையத்தில் முடியாத கலையைச் செய்துகொண்டிருந்தார்கள். டிக்கெட் வாங்கி உட்காருவதற்கு நகரங்கள் இடம் ஒதுக்குகின்றன. தப்பும் தவறுமாக முயன்று பார்ப்பதற்கு இடம் ஒதுக்குவது அபூர்வம்.

அங்கே இருந்தவர்கள் நாலா திசையிலும் போனார்கள். எல்லோரையும் துரத்தியது கட்டடம் இடிந்ததுதான் என்று சொன்னால் அது நியாயமாகாது. அல்காஸி 1962-லேயே தேசிய நாடகப் பள்ளியின் இயக்குனராக டெல்லி போய்விட்டார். தஷ்ரத் படேல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகத்தைக் கட்டியெழுப்பப் போனார். ரவிசங்கரை உலகமே அழைத்துக்கொண்டது. ஆனால் போனவர்களின் இடத்துக்கு அடுத்த தலைமுறை வர வழியில்லாமல் போனதற்குக் காரணம் கட்டடம்தான். கைதொண்டே 1972-ல் டெல்லிக்குக் குடிபெயர்ந்து கடைசிவரை அங்கேயே இருந்தார். நஸ்ரீன் அதே ஆண்டு பரோடாவில் ஆசிரியரானார். மராத்திப் பரிசோதனை நாடகம் வடக்கே நகர்ந்து, 1970களில் தாதரில் சபில்தாஸ் பள்ளியின் கூடத்தில் தஞ்சம் புகுந்தது. பகலில் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் மாலையில் நாடகம் நடந்தது. 1978-ல் ஜுஹுவில் பிருத்வி தியேட்டர் திறந்தது. வார்டன் ரோட்டிலிருந்து தாதர், தாதரிலிருந்து ஜுஹு. கலை நகர்ந்த பாதையும் நடுத்தர வர்க்கம் வீடு தேடி நகர்ந்த பாதையும் ஒன்றேதான்.

இனி கணக்கின் மறுபக்கம். 2002-ல் தையப் மேத்தாவின் ஓர் ஓவியம் நியூயார்க் ஏலத்தில் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குப் போனபோது நாடே வாயைப் பிளந்தது. 2013 டிசம்பரில் கிறிஸ்டீஸ் நிறுவனம் இந்தியாவில் நடத்திய முதல் ஏலத்தில், மும்பை தாஜ் ஹோட்டலில் கைதொண்டேயின் ஓவியம் 23 கோடியைத் தாண்டியது. 2025-ல் ஹுசேனின் ‘கிராம யாத்திரை’ நியூயார்க்கில் சுமார் 118 கோடிக்கு விற்றது. அவர் அதை 1954-ல் வரைந்தபோது வாங்கியவர் இந்தியாவில் பணிபுரிய வந்த ஒரு வெளிநாட்டு டாக்டர். அதே 2025-ல் தையப் மேத்தாவின் ஓர் எருதும் 60 கோடியைத் தாண்டியது. கைதொண்டே 1970-ல் வரைந்த ஒரு படம் டெல்லியில் 67 கோடிக்கு மேல் போனது.

நாளுக்கு ஒரு ரூபாய் வாடகை என்றால், அந்த 67 கோடியில் பூலாபாய் நிலையத்தில் ஓர் அறையைப் பதினெட்டு லட்சம் ஆண்டுகளுக்கு எடுத்திருக்கலாம். அன்றைய ரூபாயின் மதிப்பு வேறு என்பது உண்மைதான். ஆனால் எந்த விதத்தில் கணக்குப் போட்டாலும் ஒன்று தெளிவு. அறையைக் கொடுத்தவர்களுக்கும் அந்த லாபம் வரவில்லை, வரைந்தவர்களுக்கும் வரவில்லை. கைதொண்டே 2001-ல் டெல்லியில் ஏறக்குறைய ஓசையில்லாமல் காலமானார். 2014-ல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. 1990-ல் மறைந்த நஸ்ரீனின் ஓவியங்களோடு 2016-ல் நியூயார்க்கின் மெட் பிராயர் அருங்காட்சியகம் கதவைத் திறந்தது. ஹுசேன் 2011-ல் சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாமல் லண்டனில் கண்மூடினார். ஒரு காலத்தில் வார்டன் ரோட்டுப் பிளாட்டுக்காரர்கள் சுவரில் மாட்டச் சில நூறு ரூபாய்க்குப் படம் வாங்கினார்கள். இன்று அந்தப் படம் அது மாட்டியிருக்கும் பிளாட்டைவிட அதிக விலை பெறக்கூடும்.

வேறு வழி இருந்ததா? மற்ற ஊர்கள் சில வழிகளைக் காட்டுகின்றன. நியூயார்க் நகராட்சி 1971-ல் சோஹோவின் காலிக் கிடங்குகளில் கலைஞர்கள் குடியிருந்து வேலை செய்வதைச் சட்டபூர்வமாக்கியது. பணக்காரர்கள் வந்து சேர்வதை அது தடுக்கவில்லை என்றாலும், இருந்த கலைஞர்கள் பலருக்குக் காலூன்ற நேரம் கொடுத்தது. டெல்லியில் லலித் கலா அகாடமி 1976-ல் கட்ஹி கிராமத்தில் ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் அரசாங்கப் பட்டறைகளைத் திறந்தது. அரசாங்க நிர்வாகத்துக்கே உரிய குறைகள் அங்கே உண்டு. ஆனால் பில்டர் வந்து சாவியைக் கேட்க முடியாது.

தஷ்ரத் படேல் படித்த அதே சென்னைக் கல்லூரியிலிருந்து கிளம்பியது இன்னொரு வழி. அங்கே அதே ராய் சவுத்ரியிடம் படித்து, பிறகு முதல்வராகவும் ஆன கே.சி.எஸ். பணிக்கர், 1966-ல் மாணவர்களையும் சக கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார். பட்டிக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள். அன்று அது சவுக்குத் தோப்பும் மணலும். பஸ்ஸே அதிகம் போகாத இடம். பம்பாயின் ஓவியர்களுக்குப் பங்களா கிடைத்தது, சென்னையின் ஓவியர்களுக்கு மணல்தான் கிடைத்தது என்று அன்று யாராவது பரிதாபப்பட்டிருக்கலாம். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நில விலை எங்கே போயிருக்கிறது என்று சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சோழமண்டலம் இருக்கிறது. காரணம், பத்திரத்தில் இருக்கும் பெயர் அவர்களுடையது.

மும்பையில் இப்போதும் ஓவியர்களுக்குப் பஞ்சமில்லை. படத்தை மாட்டிவைக்கும் கூடங்கள் காலா கோடாவிலும் கொலாபாவிலும் இருக்கின்றன. வரைபவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள். கதிரியக்க டாக்டராக வேலை பார்த்துக்கொண்டே ஓவியம் வரைந்த சுதீர் பட்வர்தன் தானேவாசி. அதுல் தோடியாவின் ஸ்டூடியோ காட்கோபரில். இவர்கள் பெயர் பெற்றவர்கள். பெயர் பெறாத இளைஞன் இன்னும் தள்ளி, லோக்கல் ரயிலின் கடைசி ஸ்டேஷன்கள் பக்கம் போகிறான். ரயிலின் கதவு வழியே நுழையும் அளவுக்கு கான்வாஸை அளந்து வாங்குகிறான். அவனும் பக்கத்து அறைச் சிதாரைக் கேட்பதில்லை. எதிர் அறை நாடகக்காரருக்குத் திரை வரைந்து கொடுப்பதும் இல்லை. தனி அறை கிடைத்தால் போதும் என்பதே அவன் கனவாக இருக்கும்போது, பக்கத்து அறையைப் பற்றி யார் கனவு காண்பது?

வார்டன் ரோட்டில் வசிப்பவர்களுக்கும் இப்போது புதிய கவலை வந்திருக்கிறது. அவர்கள் பல கோடி கொடுத்து வாங்கியது கடலை. 2024-ல் திறந்த கடற்கரை விரைவுச் சாலைக்காக அந்தக் கடலைத் தூர்த்துவிட்டார்கள். ஜன்னலுக்கும் அலைகளுக்கும் நடுவில் இன்று கார்கள் பறக்கின்றன. கட்டுமானம் நடந்தபோது இது சரியா என்று கேட்டு இப்பகுதிவாசிகள் கோர்ட் வரை போனார்கள். பொது நன்மை என்ற வாதத்தின் முன்னால் கடல் காட்சி நிற்கவில்லை. இந்தச் சாலையில் நிரந்தரம் என்று நினைத்த எதுவும் நிலைத்ததில்லை என்பதை 89-ம் எண்ணில் ஒரு காலத்தில் அறை வைத்திருந்தவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

ஒவ்வொரு நகரத்திலும் ஏதோ ஒரு தெருவில் வாரிசுகள் வெளிநாடு போய்விட்ட ஒரு பழைய வீடு பூட்டிக் கிடக்கிறது. புரோக்கர்கள் அதைத் தினமும் சுற்றிப் பார்க்கிறார்கள். அந்த வீட்டில் பத்து அறைகளும் வடக்குப் பார்த்த ஜன்னல்களும் இருக்கக்கூடும். வார்டன் ரோட்டில் ஒரு குடும்பம் அப்படி ஒரு வீட்டை இருபது ஆண்டுகளுக்குத் திறந்து வைத்ததில் இந்திய ஓவியத்துக்கும் நாடகத்துக்கும் கிடைத்தது இவ்வளவு. அடுத்து அப்படித் திறப்பவர்கள் சாவியோடு ஒரு பத்திரத்தையும் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.